ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம்

என் காரின் ஓட்டுநர் இருக்கையில் வலது ஓரத்துத் தோல் 2022 செப்டம்பரில், மலேசியாவின் பினாங்குத் தீவில் மழை கொட்டும் நாள்களில், பிளந்தது. பல மாதங்களாக மெல்லிய கோடுகளாகத் தெரிந்துகொண்டிருந்த வெடிப்புகளில் இரண்டு ஒன்றோடொன்று சேர்ந்து, ஆள்காட்டி விரல் நீளத்துக்கு வாய் திறந்திருந்தன. உள்ளே மஞ்சள் நிறப் பஞ்சு (ஃபோம்) தெரிந்தது. விரலை வைத்ததும் அது கடலைமாவைப் போல உதிர்ந்து கால்மிதியில் விழுந்தது. அந்த மாவைத் துடைத்தெடுத்துவிட்டு அன்றே மறந்துவிட்டேன். என் கவலை முழுவதும் தோலைப் பற்றியே இருந்தது. தோலை மட்டும் பார்த்ததனால் ஓராண்டும் பணமும் வீணாயின. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தோல் இருக்கை வைத்திருக்கும் நண்பர்கள் அதே வழியில் போய்விடக் கூடாது என்பதற்காக இதை விரிவாக எழுதுகிறேன்.

கார், 1991ஆம் ஆண்டில் தயாரான மாஸ்டா. இந்த மாடல் ஜப்பானில் 1989இல் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. மற்ற நாடுகள் பலவற்றில் எம்எக்ஸ்-5 என்று அறியப்படுவது இதுவே. 1990இல் 'வி ஸ்பெஷல்' என்றொரு வகையைச் சேர்த்தார்கள்: அடர்பச்சை வண்ணம், தேன்பழுப்புத் தோல் இருக்கைகள், நார்டி நிறுவனத்தின் மர ஸ்டியரிங். என்னுடையது அந்த வகை. 1.6 லிட்டர் எஞ்சின், ஒரு டன்னுக்கும் குறைந்த எடை, பின்னால் மடக்கிவிடும் துணிக்கூரை. இதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய தோஷிஹிகோ ஹிராய், குதிரையும் அதன்மேல் அமர்ந்தவனும் ஓருடலாக ஆவதைக் குறிக்கும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியத் தொடரைக் குறிக்கோளாக முன்வைத்தார். அந்தத் தொடருக்கு இந்தக் காரில் பொருள் கிடைப்பது இருக்கையில்தான் என்பது என் எண்ணம். ஆயர் ஈத்தாமிலிருந்து பாலிக் பூலாவுக்கு இறங்கும் மலைப்பாதையில், வளைவுக்கு வளைவு உடலை அணைத்துப் பிடிப்பது இருக்கையின் இரு ஓரங்களிலும் உயர்ந்து நிற்கும் மேடு. குஷன் கடைகளில் அதைப் 'போல்ஸ்டர்' என்பார்கள். அது அமுங்கிப்போனால், ஓட்டுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் நேராக உட்கார முடியும். சாலையின் நிலையைக் கைக்குச் சொல்ல வேண்டிய ஸ்டியரிங் உடம்பைத் தாங்கும் பிடிமானமாகிவிடும்.

வலது போல்ஸ்டர் முதலில் தேய்வதற்குக் காரணம் எளியது. நம் நாட்டுக் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கத்தில் அமர்கிறார். கதவும் அந்தப் பக்கமே. சாதாரணக் காரில் இருக்கை நாற்காலியின் உயரத்தில் இருப்பதால் உட்கார்ந்துவிட்டுக் காலை உள்ளே எடுக்கலாம். இந்தக் காரிலோ இருக்கை கிட்டத்தட்டத் தரையோடு இருக்கிறது. இறங்கும்போதும் ஏறும்போதும் உடம்பின் எடை முழுவதும் ஒரு கணம் அந்த ஓரத்தின் மேல் விழுகிறது. விழுந்தபடியே கால்சட்டைத் துணி அதைத் தேய்த்துக்கொண்டு நகர்கிறது. நாளுக்கு நான்கு முறை, முப்பது ஆண்டுகள். வியர்வையும் உடம்பின் எண்ணெய்ப் பசையும் ஏறி, மேல்பூச்சை இளக்குகின்றன. கூரையைத் திறந்து ஓட்டும் கார் என்பதால் வெயிலும் நேராக விழுகிறது. பயணி இருக்கையின் தோல் இன்றும் மென்மையாக இருக்கையில் இந்த ஒரு ஓரம் மட்டும் பாழானதற்கு இவை போதும் என்றே நானும் நினைத்திருந்தேன்.

பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த்திலுமாக மூன்று கடைகளில் விசாரித்தேன். மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: பழைய தோலைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு இருக்கைகளுக்கும் பிவிசி உறை தைத்துவிடலாம், 700 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), இரண்டு நாள் வேலை. அவர்கள் சொன்னது தவறான யோசனை என்று நான் கூற மாட்டேன். தினமும் வேலைக்குப் போகும் காருக்கு அது போதுமானது. ஆனால் பிவிசி உறைக்குள் காற்றோட்டம் இல்லை. நம் வெயிலில் முதுகு நனைந்துவிடும். பொருளை இளக்கமாக வைத்திருக்கும் இளக்கி நாளடைவில் வெளியேறிவிடுவதால் அது விறைத்து வெடிக்கும். பியூ என்று சொல்லப்படும் பாலியூரிதேன் செயற்கைத் தோல் தொடுவதற்கு இதைவிட நன்றாக இருக்கும். ஆனால் காற்றின் ஈரப்பதம் அதன் மேற்படலத்தைச் சிறுகச் சிறுகச் சிதைக்கிறது. நம் வீடுகளில் சோபா சில ஆண்டுகளிலேயே கருவேப்பிலை உதிர்வதைப் போல உரிந்து கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்; அது இதனால்தான். முப்பது ஆண்டுக்கு மேல் தாங்கிய தோலை எடுத்துவிட்டு அதனினும் குறைந்த ஆயுளுள்ள ஒன்றைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேலும், இரண்டு இருக்கைகளிலும் சேதமானது மொத்தம் இரண்டு துண்டுகள் மட்டுமே. ஓட்டுநர் இருக்கையின் அடிப்பகுதி வலது போல்ஸ்டர் ஒன்று. முதுகுப் பகுதியின் வலது போல்ஸ்டரின் கீழ்ப்பாதி மற்றொன்று. மீதி எல்லாம் வாடியிருந்தது, கெட்டுப்போகவில்லை.

ஆகவே, தோலுக்கு வண்ணம் பூசிப் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன நான்காவது கடையில் காரை விட்டேன். கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. கிழிசலின் அடியில் ஒரு துணியை ஒட்டி, வெடிப்புகளை மாவுபோன்ற ஒரு பொருளால் அடைத்து, மேலே தேன்பழுப்பு வண்ணத்தைத் தெளித்து, 600 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். காரை எடுத்தபோது இருக்கை புதிதாகவே தோன்றியது. ஆறு வாரத்தில் அதே இடத்தில் கோடுகள் வந்தன. மூன்றாம் மாதம் வண்ணம் செதில் செதிலாகப் பெயர்ந்தது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய் இறங்கிய ஒரு நாள் என் வெள்ளை வேட்டியின் பின்பக்கத்தில் பழுப்புக் கறை படிந்திருந்தது. சுத்தம் செய்யாத, பழைய பசை நீங்காத பரப்பின் மேல் பூசியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அந்தப் பூச்சு சரியாகவே செய்யப்பட்டிருந்தாலும் நின்றிருக்காது என்பதைத்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

அதைக் கற்றுக்கொடுத்தவர் ஜெலுத்தோங்கில் தனியாளாகக் குஷன் கடை நடத்தும் ஒரு தமிழர். அறுபதைக் கடந்தவர். லாரி இருக்கை, மோட்டார் சைக்கிள் இருக்கை, படகு மெத்தை என எல்லாவற்றையும் தைப்பவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் அவரிடம் அனுப்பிவைத்தார். நான் அண்ணன் என்று அழைக்கும் அவர், காரின் கதவைத் திறந்ததும் தோலைப் பார்க்கவே இல்லை. போல்ஸ்டரின் மேல் கட்டை விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போய் இரும்புச் சட்டத்தில் இடித்தது. பிறகு பயணி இருக்கையின் இடது ஓரத்தில் அதேபோல் அழுத்தினார். அங்கே விரல் பாதி தூரம் சென்று நின்றது. எடுத்ததும் பஞ்சு எழும்பி வந்தது.

"தம்பி, தோல் தானாக் கிழியாது. உள்ள பஞ்சு செத்தாத்தான் கிழியும்" என்றார்.

இதுதான் நான் இக்கட்டுரையில் சொல்ல வந்த செய்தி. ஆகவே சற்று விளக்கிவிடுகிறேன். தோல் வலிமையான பொருள். பஞ்சு அடியில் நிறைந்து நின்று அதை இறுக்கமாகத் தாங்கும்வரை, உட்காரும்போது அது ஒரே சீராக அமுங்கி எழுகிறது. பஞ்சு சுருங்கிப்போனதும் தோல் அதைவிடப் பெரிய சட்டையாகிவிடுகிறது. தொங்கும் சட்டை மடிப்பு விழுவதைப் போலத் தோலும் மடிகிறது. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அதே கோட்டில் மடிகிறது. மடிப்பில் முதலில் மேல்பூச்சு விரிசல் விடும், அந்த விரிசல் வழியாக வியர்வை உள்ளிறங்கும், நார்கள் உலர்ந்து விறைக்கும், கடைசியில் அறும். என் இருக்கையின் பாலியூரிதேன் பஞ்சு பல ஆண்டுகளின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் சிதைந்திருந்தது. முதல் நாள் விரலில் ஒட்டிய மஞ்சள் மாவு அதற்குச் சாட்சி. நான்காவது கடை எவ்வளவு நல்ல வண்ணத்தைப் பூசியிருந்தாலும், அடியில் ஒன்றுமில்லாத தோல் மறுபடி மடிந்திருக்கும், பூச்சும் மறுபடி விரிந்திருக்கும். புதுத் தோல் தைத்திருந்தாலும் இதே கதைதான், சற்றுத் தாமதமாக.

இருக்கையைக் கழற்றுவது அரை மணி நேர வேலை. தரையில் நான்கு போல்ட்டுகள், இருக்கையின் தலைப்பகுதிக்குள் இருக்கும் சிறு ஒலிபெருக்கிகளுக்குப் போகும் ஒரு வயர் இணைப்பு, அவ்வளவே. ஆனால் பிற்காலக் கார்களில் இருக்கையின் ஓரத்துக்குள் காற்றுப்பை இருக்கலாம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அத்தகைய இருக்கையில், விபத்தின்போது பை வெளியே வருவதற்காக ஓரத் தையல் குறிப்பிட்ட இடத்தில் விட்டுக்கொடுக்கும்படி தனி நூலால் தைக்கப்பட்டிருக்கும். அந்தத் தையலைச் சாதாரண நூலால் அழுத்தமாகத் தைத்துவிட்டால் பை சரியாக விரியாது. அப்படிப்பட்ட காராக இருந்தால் அந்த ஓரத்தைத் தொடாதீர்கள், தெரிந்தவரிடம் விடுங்கள்.

உறையைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருப்பவை ஹாக் ரிங் எனப்படும் சிறிய கம்பி வளையங்கள். அண்ணன் அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தார். உறையின் உள்பக்கத்தில் துணிக் குழாய்க்குள் ஓடும் இரும்புக் கம்பிகள் பலவும் துருவேறியிருந்தன. துருக்கறை பஞ்சிலும் இறங்கியிருந்தது. உறையைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது: உடம்பு படும் முகப்பகுதிதான் தோல், பக்கவாட்டுச் சுவரும் முதுகின் பின்புறமும் அதே நிறத்தில் செய்த வினைல் என்னும் செயற்கைத் தோல். கார்த் தொழிற்சாலைகளில் வழக்கமாக இப்படிச் செய்வார்கள் என்றார் அண்ணன். இதை அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் தோலுக்கான வேதிப்பொருள்களை வினைலின் மேல் பூசிவிட்டு நிறம் ஒத்துவரவில்லையே என்று பலர் வருந்துகிறார்கள்.

பஞ்சு வேலைக்கு ஒரு நாள் முழுவதும் ஆனது. என் பார்வையில் அந்த நாள்தான் எல்லாவற்றிலும் முக்கியமான நாள். இருக்கையின் நடுப்பஞ்சு இன்னும் உயிரோடிருந்ததால் அதை அப்படியே விட்டார். வலது ஓரத்தில் சிதைந்த பகுதியைப் பல் வைத்த நீளக் கத்தியால், நல்ல பஞ்சு தென்படும் ஆழம்வரை சீவினார். அந்தப் பள்ளத்தில் நடுப்பஞ்சைவிடக் கெட்டியான, கன மீட்டருக்கு 50 கிலோ அடர்த்தியுள்ள பஞ்சுக் கட்டியைப் பசைதடவி ஒட்டி, காயவிட்டார். பிறகு உப்புத்தாள் வட்டு பொருத்திய கிரைண்டரால் அதைச் செதுக்கத் தொடங்கினார். அளவுகோல் எதையும் அவர் எடுக்கவில்லை. பயணி இருக்கையின் இடது போல்ஸ்டரை ஒரு கையால் தடவிப் பார்ப்பார், மறுகையால் இதைத் தடவுவார், ஓரிடத்தில் கொஞ்சம் தேய்ப்பார், மறுபடி தடவுவார். கண்ணால் பார்த்தால் வளைவு ஏமாற்றும், உள்ளங்கை ஏமாற்றாது என்றார். செதுக்கி முடித்ததும் முழுவதற்கும் மெல்லிய பஞ்சுப்போர்வை ஒன்றைப் போர்த்தி ஒட்டினார். தோல் பஞ்சைத் தேய்க்காமல் வழுக்கிச் செல்வதற்கு அது தேவை. தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மைக்ரோமீட்டரோடு இருபது ஆண்டுகளைக் கழித்தவன் நான். அந்தக் கையின் துல்லியத்தைப் பார்த்து மனம் நிறைந்துபோனது.

துண்டு வெட்டுவதற்கான அச்சு எங்கிருந்து வருகிறது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய துண்டைப் பிரித்து, அதையே காகிதத்தின் மேல் வைத்து வரைந்துகொள்வதுதான் யாருக்கும் தோன்றும் வழி. ஆனால் கிழிந்த துண்டு முப்பது ஆண்டுகள் இழுபட்டு நீண்டிருக்கிறது. அதன்படி வெட்டினால் புதுத் தோலும் முதல் நாளிலிருந்தே தொளதொளப்பாக இருக்கும். ஆகவே அண்ணன் பயணி இருக்கையின் இடது போல்ஸ்டரிலிருந்து அச்செடுத்து, காகிதத்தைத் திருப்பிப் போட்டார். கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல, அது ஓட்டுநர் இருக்கையின் வலது போல்ஸ்டருக்கு அச்சாகிவிடும். விளிம்பில் எந்த இடம் எந்த இடத்தோடு சேர வேண்டும் என்பதற்குச் சிறு சிறு வெட்டுக்குறிகள் வைத்தார். வளைவான துண்டையும் நேரான துண்டையும் சேர்த்துத் தைக்கும்போது அந்தக் குறிகள் இல்லையென்றால் முடிவில் ஒரு விரல் அளவு மிஞ்சி நிற்கும்.

தோலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் ஒரு விருப்பத்தைச் சொன்னேன். என் தாத்தா திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தவர். தோல் பதனிடும் ஊர். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதப்படுத்திய தோலைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மதராஸ் மாகாணத்திலிருந்து 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் கப்பலேறிய சரக்கு அது. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பிடித்தது. அப்படித் தாவரப் பட்டையில் பதனிட்ட தோலையே போடலாமா என்று கேட்டேன். அண்ணன் கூடாது என்றார். காரணத்தைப் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன். தாவர முறையில் பதனிட்ட தோல் ஈரமாக இருக்கையில் 70 முதல் 85 டிகிரி வெப்பத்திலேயே சுருங்கத் தொடங்கும். குரோமிய உப்பால் பதனிட்டது கொதிநீரின் வெப்பத்தையும் ஏறக்குறையத் தாங்கும். கூரை திறந்த காரை உச்சிவெயிலில் நிறுத்தினால் இருக்கை எவ்வளவு சுடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மழையில் நனைந்த மறுநிமிடமே வெயில் அடிக்கும் ஊர் இது. பட்டைத்தோல் வெயிலில் கறுக்கும், வியர்வையில் கறைபடும். வார், பை, செருப்பு ஆகியவற்றுக்கு அது அருமையானது. இந்த இருக்கைக்குப் பொருந்தாது. தாத்தாவின் நினைவுக்காக ஆசைப்பட்டேன். ஆனால் காருக்கு எது சரியோ அதைத்தான் செய்ய வேண்டும்.

முடிவில் வாங்கியது குரோமியத்தில் பதனிட்ட, 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள கார்த் தோலின் ஒரு மிச்சத் துண்டு. முழு மாட்டுத் தோல் சுமார் 50 சதுர அடி வரும்; இரண்டு துண்டுகளுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் மிச்சத் துண்டை வாங்கும்போது அது விலங்கின் எந்தப் பகுதி என்று பார்க்க வேண்டும். முதுகுப்பகுதித் தோல் இறுக்கமானது. வயிற்றுப்பகுதி ரப்பர்போல இழுபடும். போல்ஸ்டருக்கு வயிற்றுத் தோலைப் போட்டால் ஓராண்டில் தொங்கிவிடும். அண்ணன் துண்டை இரு கைகளிலும் பிடித்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுத்துப் பார்த்து, குறைவாக நீளும் திசை இருக்கையின் முன்னிருந்து பின்னாகப் போகும்படி அச்சை வைத்தார்.

தையலைப் பற்றி இரண்டே செய்திகள். தோலில் ஊசி போட்ட துளை ஆறாது. துணியில் தவறாகத் தைத்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் அந்தத் துளைகள் வரிசையாக நிலைத்துவிடும். பழைய நடுத்துண்டோடு புதிய ஓரத்துண்டைச் சேர்க்கும்போது ஊசி பழைய துளைகளிலேயே இறங்க வேண்டும். புதிதாகத் துளையிட்டால் இரண்டு வரிசைத் துளைகளுக்கு நடுவே தோல் தபால்தலை விளிம்பைப்போல் கிழிந்துபோகும். எனவே அந்த ஒரு மீட்டர் நீளத்தையும் அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு, தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் சுற்றி, துளைக்குத் துளை ஊசியை இறக்கித் தைத்தார். இரண்டாவது, நூல். கடையில் இருந்தது நைலான் நூல், நல்ல பலமுள்ளது. ஆனால் புறஊதாக் கதிரை நைலானைவிடப் பாலியெஸ்டர் நன்றாகத் தாங்கும் என்பதால், டெக்ஸ் 90 பாலியெஸ்டர் நூலை நானே வாங்கிவந்து கொடுத்தேன். 1,000 மீட்டர் நூல் 90 கிராம் எடை இருந்தால் அது டெக்ஸ் 90. கூரையை எப்போதும் மூடிவைக்கும் கார்களுக்கு இந்த வேறுபாடு பெரிதல்ல.

நிறம் ஒத்துப்போகுமா என்றுதான் நான் அதிகம் அஞ்சினேன். இருக்கையின் மடிப்புக்கு அடியில், வெயில் படாத இடத்தில், தோலின் பிறந்த நிறம் இருந்தது: ஆரஞ்சு கலந்த தேன் நிறம். மேற்பரப்பிலோ அது வாடி, பாலூற்றிய தேநீரின் நிறத்துக்கு வந்திருந்தது. எந்த நிறத்துக்கு ஒப்பாக்குவது? பிறந்த நிறத்துக்குப் போவதென்றால் இரண்டு இருக்கைகளையும் முழுவதுமாகப் பூச வேண்டும். கதவுப் பலகைகளும் பிறகு பழசாகத் தெரியும். வாடிய நிறத்துக்கே புதுத் துண்டுகளைக் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன். அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். பழைய காருக்குள் எல்லாம் சேர்ந்து ஒரே வயதில் இருப்பதுதான் அழகு.

பூச்சு வேலையை நானே வீட்டில் செய்தேன். முதலில் கடை பூசிய வண்ணத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பருத்தித் துணியால், சிறு சிறு பகுதியாகத் துடைத்து எடுத்தேன்; மூன்று இரவுகள் பிடித்தன. அழுக்கை எடுக்கச் சலவைச் சோப்போ பாத்திரச் சோப்போ போடக் கூடாது. குரோமியத் தோல் இயல்பில் இலேசான அமிலத்தன்மை உடையது. காரச் சோப்பு அதைக் கெடுக்கும். காரமற்ற தோல் கழுவியும் மென்மையான தூரிகையும் போதும். பிறகு 800 எண் உப்புத்தாளால் மேலாகத் தேய்த்து, நுண்வெடிப்புகளில் நாரைப் பிணைக்கும் பைண்டரை நான்கு முறை ஊறவிட்டு, ஆழமான வெடிப்புகளுக்கு மட்டும் வளைந்துகொடுக்கும் நிரப்பியைப் பூசினேன். நீர் கலந்த நிறமிப் பூச்சை, கடினப்படுத்தும் திரவம் சில சொட்டுகள் கலந்து, தெளிப்பானால் மெல்லிய படலங்களாக ஆறு முறை தெளித்தேன். ஒவ்வொரு படலமும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. தடித்த ஒரு படலம் வெடிக்கும். மெல்லிய ஆறு படலங்கள் வளைந்துகொடுக்கும். கடைசியாகப் பளபளப்பில்லாத மேல்பூச்சு. பளபளக்கும் தோல் இருக்கை என் கண்ணுக்கு எண்ணெய் வழியும் முகம்போலத் தெரியும்.

உறையை மறுபடி பஞ்சின்மேல் ஏற்ற அண்ணனிடமே எடுத்துச் சென்றேன். புதிய பஞ்சு நிறைந்து நின்றதால் உறை உள்ளே போக மறுத்தது; அதுவே நல்ல அறிகுறி என்றார். ஒரு பருத்தித் துணியை மேலே விரித்து, நீராவியை அளவாகக் காட்டி, தோல் இளகிய நேரத்தில் உள்ளங்கைகளால் விளிம்பை நோக்கி நீவி நீவிப் பொருத்தினார். துருப்பிடித்த கம்பிகளுக்குப் பதிலாகப் புதியவை போட்டு, ஹாக் ரிங்குகளைப் பூட்டினார். தோல், பஞ்சு, கூலி எல்லாம் சேர்த்து அவர் கேட்டது 950 வெள்ளி. கூடுதலாக நீட்டியதை அவர் வாங்கவில்லை.

பராமரிப்பைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் மென்மையாகும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. இன்றைய கார்த் தோல்களில் பெரும்பாலானவை நிறமியும் மேல்பூச்சும் போட்டு மூடப்பட்டவை. ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். அது முத்தாக நின்றால் எண்ணெயும் உள்ளே போகாது. மேலே தங்கித் தூசியைப் பிடிக்கும், தையல் துளைகள் வழியாக மட்டும் இறங்கி நூலைச் சுற்றிக் கறையாக்கும், மழைக்காலத்தில் பூஞ்சைக்கு உணவாகும். கடல் சூழ்ந்த இந்தத் தீவில் பூஞ்சைதான் தோலின் முதல் பகை. இரண்டு வாரம் மூடிவைத்த காரைத் திறந்தால் இருக்கையில் வெண்புள்ளிகள் தெரியும். நான் செய்வது இவ்வளவே: மாதம் ஒருமுறை ஈரத்துணியால் வியர்வைப் பசையைத் துடைப்பேன், மழை ஓய்ந்த காலைகளில் கூரையைத் திறந்து ஒரு மணி நேரம் இளவெயில் காட்டுவேன், மதிய வெயிலில் இருக்கையின்மேல் துணி போர்த்துவேன்.

காரில் ஏறும் முறையையும் மாற்றிக்கொண்டேன். இடது கையைக் காரின் நடுவில் இருக்கும் மேட்டில் ஊன்றி, போல்ஸ்டரைத் தாண்டி நடுவில் உட்கார்ந்து, அதன் பிறகு கால்களை உள்ளே எடுப்பது. இறங்கும்போது வலது கையைக் கதவுப்படியில் ஊன்றி உடம்பைத் தூக்குவது. பழகுவதற்கு ஒரு வாரம் ஆயிற்று. என் மகள் இப்போது பயணி இருக்கையில் அப்படியே ஏறுகிறாள்.

வேலை முடிந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. போன ஞாயிறு தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலை ஏறி இறங்கிவிட்டு வந்து, விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். புதிய போல்ஸ்டரின் உச்சியில் மயிரிழை போன்ற இரண்டு சுருக்கங்கள் இருந்தன. விரலால் நீவினால் மறைகின்றன, பூச்சு விரியவில்லை. கட்டை விரலை வைத்து அழுத்தினேன். பாதி தூரம் சென்று நின்றது. ஆனால் பயணி இருக்கையின் இடது ஓரத்தில் விரல் முன்பைவிடச் சற்று ஆழமாக இறங்குகிறது; எடுத்ததும் பஞ்சு மெதுவாகத்தான் எழும்புகிறது. அங்கே தோலில் இன்னும் ஒரு கோடுகூட விழவில்லை. அடுத்த மாதம் விடுமுறை எடுத்து அந்த இருக்கையை ஜெலுத்தோங்குக்குக் கொண்டுபோகிறேன்.